வேலியண்டும் டார்ட்டும்: எஞ்சின் சாகாத காரை எது சாகடித்தது?

கேள்வி இது: 1960, 70களின் பிளிமத் வேலியண்ட், டாட்ஜ் டார்ட் கார்களில் வந்த ‘ஸ்லாண்ட் சிக்ஸ்’ எஞ்சினுக்குச் சாவே கிடையாது என்கிறார்கள். உண்மையா? அப்படியானால் 1976இல் ஏன் நிறுத்தினார்கள்? இன்று அமெரிக்காவில் ஒன்றை வாங்க நினைப்பவர் எதைப் பார்க்க வேண்டும்?

எஞ்சினைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் இந்தக் கார்களில் பெரும்பாலானவை எஞ்சின் போய்ப் பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. தரைத்தகட்டைத் துரு தின்றது, இல்லையென்றால் சில டாலர் பெறுமான ஒரு மின்பொருள் வழியில் கைவிட்டு, உரிமையாளருக்கு அலுத்துப்போனது. மாடலையே நிறுத்தியது வேறு கதை. அதற்குக் காரணம் கிரைஸ்லர் கம்பெனி தன் தலையில் தானே போட்டுக்கொண்ட மண்.

1957 பிற்பகுதியில் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் தொடங்கியது. பெரிய கார்களின் விற்பனை சரிய, ஜெர்மனியிலிருந்து வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் உள்நாட்டு ராம்ப்ளரும் மட்டும் நன்றாக விற்றன. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளும் 1960 மாடல் ஆண்டுக்கு ஆளுக்கு ஒரு சிறிய காரோடு இறங்கின. செவ்ரோலெ பின்பக்கம் காற்றால் குளிரும் எஞ்சின் வைத்த கார்வேரைக் கொண்டுவந்தது. ஃபோர்டு தன் பெரிய காரைச் சுருக்கியதுபோல எளிமையான ஃபால்கனைக் கொண்டுவந்தது. கிரைஸ்லரின் பதில் வேலியண்ட். முதல் ஆண்டில் விற்பனையில் ஜெயித்தது ஃபால்கன்தான்: நான்கு லட்சத்துக்கும் மேல். வேலியண்ட் இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. வர்ஜில் எக்ஸ்னர் வரைந்த உடம்பு பலருக்குப் பிடிக்கவில்லை. டிக்கி மூடியில் ஸ்டெப்னி வடிவத்தை அழுத்தி வைத்த அழகு இன்றைக்கும் சகித்துக்கொள்ள வேண்டிய அழகுதான். அந்த முதல் ஆண்டு ‘வேலியண்ட்’ தனிப் பெயராகவே விற்றது. 1961இல்தான் பிளிமத் குடும்பத்தில் சேர்ந்தது. டாட்ஜ் கடைகளுக்கு அதே காரை லேசாக மாற்றி ‘லான்சர்’ என்று 1961, 62 இரண்டு ஆண்டு கொடுத்தார்கள்.

உடம்புக்குக் கீழே இருந்ததுதான் விஷயம். தனிச் சட்டம் இல்லாமல் உடம்பும் அடித்தளமும் ஒன்றாக வெல்டு செய்த கட்டுமானம், முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கித் தாங்கும் இரும்புக் கம்பி) சஸ்பென்ஷன், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர்; அமெரிக்காவில் பெருமளவில் தயாரான ஒரு கார் ஆல்டர்னேட்டரோடு வந்தது இதுதான் முதல் முறை. டாஷ்போர்டில் பொத்தானை அழுத்திக் கியர் மாற்றும் டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக்கும் கிடைத்தது; அந்தப் பொத்தான்கள் 1964 வரை நீடித்தன.

எஞ்சினைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். வில்லெம் வீர்ட்மன் தலைமையில் வடிவமைத்த நேர்வரிசை ஆறு சிலிண்டர். அதை 30 பாகை வலப்பக்கம் சாய்த்து வைத்தார்கள். பானட்டைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்பது முதல் காரணம். சாய்த்ததும் இன்னும் இரண்டு லாபம் கிடைத்தது. வாட்டர் பம்பை முன்னால் நீட்டாமல் பக்கத்தில் ஒதுக்க முடிந்தது, எஞ்சினின் நீளம் குறைந்தது. இடப்பக்கம் திறந்த இடத்தில், பெட்ரோல் கலந்த காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் ஆறு கிளைகளையும் நீளமாக, தனித்தனியாக ஓட விட முடிந்தது. போட்டியாளரான ஃபோர்டின் ஃபால்கன் எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு ஒரே வார்ப்பு; அதில் இப்படி விளையாட வழியே இல்லை.

முதலில் வந்தது 170 கன அங்குலம், அதாவது 2.8 லிட்டர். போர் (சிலிண்டரின் விட்டம்) 3.40 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 3.125 அங்குலம். போரைத் தொடாமல் ஸ்ட்ரோக்கைச் சரியாக ஒரு அங்குலம் கூட்டி 4.125 ஆக்கினால் 225 கன அங்குலம், 3.7 லிட்டர். இதற்காக பிளாக் உயரமும் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் கூடியது. ஆக 225 என்பது குறுகிய சிலிண்டரும் நீண்ட ஸ்ட்ரோக்கும் கொண்ட, மெதுவாகச் சுற்றும் எஞ்சின். நான்கு மெயின் பேரிங், 1976 நடுப்பகுதி வரை ஃபோர்ஜ் செய்த கிராங்க், உலோகச் செயின், வால்வுகளைத் திறக்கும், கையால் சரிசெய்யும் டாப்பெட். அதிக வேகத்தில் சுற்றாத, கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லாத ஒரு பொருள் நீண்ட நாள் ஓடுவதில் மாயம் ஒன்றும் இல்லை.

அந்த நீண்ட மேனிஃபோல்டு கிளைகள் வெறும் அலங்காரமல்ல என்பது 1960 ஜனவரிக் கடைசியில் டேடோனாவில் தெரிந்தது. சிறிய கார்களுக்கான பந்தயத்தில், நான்கு வாய் கார்பரேட்டரும் மிக நீளமான இன்டேக் குழாய்களும் கொண்ட ‘ஹைப்பர் பாக்’ பொருத்திய வேலியண்டுகள் முதல் ஏழு இடங்களையும் வாரிக்கொண்டன. சாதாரண 170 எஞ்சின் 101 குதிரைசக்தி. ஹைப்பர் பாக் அதை 148 ஆக்கியது.

1961 முதல் 1963 வரை 225 எஞ்சினை அலுமினிய பிளாக்கிலும் வார்த்தார்கள். சுமார் 50,000 வெளிவந்தன. எடை ஏறக்குறைய 35 கிலோ குறைந்தது. ஆனால் மேற்பக்கம் திறந்த அலுமினிய பிளாக்கின் மேல் வார்ப்பிரும்பு ஹெட். இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் ஹெட் கேஸ்கட்டுக்கு ஓய்வே இல்லை. கூலன்ட் மாற்றாமல் விட்டால் உள்ளே அரிப்பு வேறு. சேகரிப்பவருக்கு அது பொக்கிஷம். தினம் ஓட்டுபவருக்கு வேண்டாம்.

1963இல் உடம்பு முழுக்க மாறியது, லட்சணமும் வந்தது. லான்சர் பெயரை விட்டுவிட்டு, அதுவரை பெரிய கார்களுக்கு வைத்திருந்த ‘டார்ட்’ பெயரை டாட்ஜ் இந்தச் சிறிய காருக்குக் கொடுத்தது. டார்ட்டின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 111 அங்குலம், வேலியண்ட் 106. பின் சீட்டில் கால் நீட்ட டார்ட்தான் வசதி. டார்ட் குடும்பங்களுக்குப் பிடித்துப்போனதற்கு இந்த ஐந்து அங்குலமும் ஒரு காரணம். எஞ்சின், கியர் பாக்ஸுக்கு 5 ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதம் தந்தார்கள். அன்றைக்கு அது துணிச்சலான வாக்குறுதி. 1964இல் 273 கன அங்குல வி8 வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி வேலியண்டின் அடித்தளத்தில் பெரிய வளைந்த பின்கண்ணாடியோடு பாரகுடா வெளிவந்தது. ஃபோர்டு மஸ்டாங் வந்தது ஏப்ரல் 17. இரண்டு வாரம் முந்தியும் பெயரெல்லாம் மஸ்டாங்குக்கே போனது.

1967இல் மறுபடி புது உடம்பு. கடைசி வரை நின்றது இதுதான். பந்தயக்காரர்களுக்கு 340, 383 வி8கள், 1968இல் டிராக் பந்தயத்துக்கென்றே ஹெமி எஞ்சின் என்று தனி உலகம் ஒன்று உண்டு. அவற்றின் விலையும் தனி உலகம்; இங்கே வேண்டாம். 1970இல் பிளிமத், முன் கண்ணாடிக்கு முன்னால் வேலியண்டாகவும் பின்னால் புது வடிவமாகவும் இருந்த ‘டஸ்டர்’ காரை விட்டது. முதல் ஆண்டிலேயே இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றது. பொறாமைப்பட்ட டாட்ஜ் 1971இல் அதே உடம்பை ‘டீமன்’ என்று விற்றது. பேய்ப் பெயருக்கும் சின்னப் பிசாசுப் படத்துக்கும் எதிர்ப்பு வர, 1973இல் ‘டார்ட் ஸ்போர்ட்’ ஆனது.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 225 எஞ்சின் 1960களில் 145 குதிரைசக்தி, 1972இல் 110 என்று பட்டியலில் இருப்பதைப் பார்த்து எஞ்சினை நாசமாக்கிவிட்டார்கள் என்பவர்கள் உண்டு. 1972 முதல் அமெரிக்கக் கம்பெனிகள் ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாம் பொருத்திய நிலையில் அளந்த கணக்கைத் தந்தன. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு அளவுமுறை மாறியதால் வந்தது.

வெளிநாடுகளில் இந்தக் காருக்கு இன்னொரு வாழ்க்கை. ஆஸ்திரேலியாவில் 1962இல் தொடங்கிய வேலியண்ட் படிப்படியாக உள்ளூர்க் காராகவே மாறி 1981 வரை ஓடியது. சுவிட்சர்லாந்தில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள். அர்ஜென்டினா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, பிரேசில் எல்லாவற்றிலும் தயாரானது. ஸ்பெயினில் பாரெய்ரோஸ் ஆலை டார்ட்டை ஆடம்பரக் காராகக் கட்டியது. 1973 டிசம்பர் 20 அன்று மாட்ரிடில் குண்டுவெடிப்பில் பிரதமர் கரேரோ பிளாங்கோ கொல்லப்பட்டபோது அவர் இருந்தது அந்த வகை டாட்ஜ் 3700 காரில்தான்.

சரி, ஏன் நிறுத்தினார்கள்? 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்ததும் இந்தப் பழைய கார்கள் மறுபடி சூடாக விற்றன. 1976இல் அலுமினிய பாகங்கள், ஓவர்டிரைவ் கியர் பாக்ஸ் சேர்த்து ‘ஃபெதர் டஸ்டர்’, ‘டார்ட் லைட்’ என்று எடை குறைந்த வகைகளையும் விட்டார்கள். நல்ல பொருள் கையில் இருக்கும்போதே அதே ஆண்டு அதற்கு மாற்றாக பிளிமத் வொலாரே, டாட்ஜ் ஆஸ்பென் வந்தன. சோதனையை முடிக்காமல் அவசரமாக இறக்கிய கார்கள் அவை. எஞ்சின் திடீரென அணைவது, பானட் பூட்டு, முன் மட்கார்டில் துரு என்று வரிசையாகத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அரித்துப்போன மட்கார்டுகளைக் கம்பெனி தன் செலவில் மாற்றிக் கொடுத்தது. பதினாறு ஆண்டு சேர்த்த நம்பிக்கை இரண்டு ஆண்டில் கரைந்தது. கிரைஸ்லர் 1979இல் அரசாங்கத்தின் கடன் உத்தரவாதத்துக்குக் கையேந்தி நின்றதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. முக்கியமான காரணங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அந்த வொலாரேயிலும் ஓடியது அதே ஸ்லாண்ட் சிக்ஸ்தான். கார்களில் 1983 வரையிலும், டாட்ஜ் டிரக்குகளில் 1987 வரையிலும் அந்த எஞ்சின் தொடர்ந்தது.

இனி வாங்குவது. முதலில் காருக்கு அடியில் படுங்கள், பானட்டைப் பிறகு திறக்கலாம். முன் சீட்டுகளுக்குக் கீழே குறுக்கே ஓடும் இரும்பில்தான் டார்ஷன் பார்களின் பின்முனை மாட்டியிருக்கிறது. முன்பக்க பாரத்தைத் தாங்கும் முறுக்கு அங்கேதான் வந்து நிற்கிறது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தமோ உதிரும் பொருக்கோ இருந்தால் எழுந்து வந்துவிடலாம். அடுத்து முன் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் பெட்டிக்குள் இலை தழை அடைத்து, நீர் தேங்கி, அந்தத் தகடு அரித்துவிடும். பிறகு மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் நேராகக் கால் வைக்கும் இடத்தில் சொட்டும். தரையை மட்டும் வெல்டு செய்து விற்பவர்கள் நிறைய. மேலே பெட்டியை யாரும் தொடுவதில்லை, இரண்டு மழைக்காலத்தில் புதுத் தரையும் போகும். ஒரு குடம் தண்ணீரை அந்தச் சல்லடைத் துளைகளில் ஊற்றி உள்ளே பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரியும். வினைல் கூரை உள்ள கார் என்றால் பின்கண்ணாடியின் கீழ் மூலைகளையும், டிக்கித் தரையையும் பாருங்கள்.

1970 முதல் உள்ள காரில் டாஷ்போர்டின் ஓட்டுநர் பக்கம் இருக்கும் வண்டி அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்து ‘பி’ என்றால் இடைப்பட்ட அளவான 198 கன அங்குல எஞ்சின், ‘சி’ என்றால் 225. ஆனால் எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் மாறியிருக்கலாம்.

எஞ்சினை ஓடவிட்டால் மேலே ‘டிக் டிக்’ என்று டாப்பெட் சத்தம் வரும். அது நல்ல சகுனம். சத்தமே இல்லாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் ஈயமில்லாத பெட்ரோலில் மெல்ல மெல்ல உள்ளிறங்கும். அப்போது வால்வின் தண்டு மேலே ஏறி இடைவெளி குறையும். இடைவெளி முழுக்கப் போனால் வால்வு சரியாக மூடாது, எரிந்துவிடும். சைலன்சர் வாயில் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள்: சீராக வெளியே தள்ளினால் சரி, இடையிடையே உள்ளே இழுத்துக்கொண்டால் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு போய்விட்டது.

டாப்பெட் இடைவெளி வைப்பது இப்படி. காரை அரைமணி நேரம் நன்றாக ஓட்டிச் சூடாக்கி, வால்வு கவரைக் கழற்றி, எஞ்சினை மெதுவான ஐடிலில் ஓடவிட்டபடியே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வால்வை அழுத்தும் ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் இடையில் செலுத்த வேண்டும். இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம். கேஜ் லேசான பிடிப்போடு வழுக்க வேண்டும். இரு கடைசிகளிலும் எக்ஸாஸ்ட், நடுவில் அடுத்தடுத்து இரண்டு இன்டேக் என்று வரிசை அமையும். சந்தேகம் வந்தால் எதிரே எந்தக் குழாய் வருகிறது என்று மேனிஃபோல்டைப் பார்த்து உறுதிசெய்யலாம். சரிசெய்யும் திருகுகளுக்குத் தனி லாக் நட் கிடையாது. தன் இறுக்கத்தில் நிற்பவை. விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் திருகையே மாற்றுங்கள், இல்லையென்றால் வைத்த இடைவெளி ஒரு வாரம் தாங்காது. ஆண்டுக்கு ஒருமுறை இந்த வேலையைச் செய்தால் போதும்.

எஞ்சின் ஆயில் ஃபில்டரோடு சேர்த்து 5 அமெரிக்க குவார்ட், சுமார் 4.7 லிட்டர். இன்றைய ஆயில்களில் துத்தநாகச் சேர்மானம் குறைவு. இந்த எஞ்சினின் கேம் லோபும் டாப்பெட்டும் ஒன்றின் மேல் ஒன்று உரசி ஓடுபவை. அந்தச் சேர்மானம் கூடுதலாக உள்ள, பழைய எஞ்சின்களுக்கென்று விற்கும் ஆயிலே போடுங்கள்.

பலரும் உடைப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை. இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கத்தில், நடுவில் மூன்று போல்ட்டுகளால் ஒன்றோடொன்று கட்டி, சேர்த்து ஹெட்டில் மாட்டியவை. சூடாகும்போது அந்த நீளமான வார்ப்பிரும்பு விரிந்து வழுக்கியாக வேண்டும். புகை கசிகிறதே என்று பலம் கொண்ட மட்டும் இறுக்கினால், வழுக்க இடமில்லாமல் விரிசல் விடும். சரியான வரிசை: அந்த மூன்று போல்ட்டுகளையும் விரலால் மட்டும் போட்டு வையுங்கள். பிறகு ஹெட்டில் உள்ள நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும்படி 10 அடி-பவுண்டு இறுக்குங்கள். கடைசியில்தான் மூன்று போல்ட்டுகளையும் இறுக்க வேண்டும். 10 அடி-பவுண்டு கைக்கு மிகக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். நட்டுகளுக்கு அடியில் வரும் விசேஷ வாஷர்களைத் தொலைத்துவிட்டுச் சாதாரண வாஷர் போடக் கூடாது.

1974 வரையிலான ஹெட்டில் ஸ்பார்க் பிளக்குகள் மெல்லிய அலுமினியக் குழாய்க்குள் இறங்கும். புது பிளக்கோடு வரும் உலோக வாஷரைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும். குழாயின் அடிப்பாகமே அந்த வேலையைச் செய்கிறது. குழாயைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் ஆயில் ஒழுகும். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயந்து ஹெட்டைக் கழற்றுவார்கள். மாற்ற வேண்டியது ஆறு ரப்பர் வளையங்கள்.

நிஜமாகவே ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனி போட்டது மெல்லிய எஃகுத் தகடு கேஸ்கட். இன்று கிடைப்பது பெரும்பாலும் தடிமனான கலவை கேஸ்கட். அப்படியே போட்டால் ஏற்கெனவே குறைவான கம்ப்ரஷன் இன்னும் குறையும். தடிமன் கூடிய அளவுக்கு ஹெட்டை மில்லிங் செய்துவிட்டுப் பூட்டுங்கள்.

மின்சாரத்தில் இரண்டு வில்லன்கள். ஒன்று, பானட்டுக்குள் பின்சுவரில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் துண்டு: பேலஸ்ட் ரெசிஸ்டர். செல்ஃப் சுற்றும்போது எஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் காரணம் அநேகமாக இதுதான். செல்ஃப் அடிக்கும்போது, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்கு வேறு வழியாக முழு மின்சாரம் போகிறது, விட்டதும் இந்தத் துண்டு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு திருகு, நான்கு நிமிட வேலை. ஒரு உபரித் துண்டு எப்போதும் டாஷ்போர்டு பெட்டியில் இருக்கட்டும். இது தெரியாமல் கார்பரேட்டரைப் பிரித்துப் போட்டவர்கள் ஏராளம்.

இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியை ஏற்றப் போகும் மின்சாரம் பின்சுவரில் உள்ள பிளாஸ்டிக் இணைப்பியைத் தாண்டி, டாஷ்போர்டில் உள்ள அம்மீட்டருக்குப் போய், மறுபடி அதே இணைப்பி வழியாக வெளியே பேட்டரிக்கு வருகிறது. ஐம்பது ஆண்டு அழுக்கில் அந்தத் தட்டை டெர்மினல்கள் சூடாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். அதிக ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் பெரிய ஹெட்லைட்டும் போட்டால் இன்னும் வேகமாக. இணைப்பியைப் பிரித்து டெர்மினல்களைப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிப் பக்கத்துக்கு நேராகத் தடித்த வயர் ஒன்று, உருகி இணைப்போடு, சேர்ப்பது நிரந்தரத் தீர்வு. அம்மீட்டர் முள் அதன்பிறகு சரியாகக் காட்டாது. பரவாயில்லை, வோல்ட் மீட்டர் ஒன்று மாட்டிக்கொள்ளலாம். பேட்டரி ஏறவில்லை என்றால் ரெகுலேட்டரை மாற்றும் முன் அதன் பெட்டி பாடியோடு நன்றாக எர்த் ஆகிறதா என்று சுரண்டிப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த கார்களில் இந்தக் கோளாறு சகஜம்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். 1966 வரை மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை: ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. 1967 முதல் இரட்டை அறை. பழைய காரில் முதல் செலவு அதை மாற்றுவதுதான். ஆறு சிலிண்டர் கார்களில் வந்த 9 அங்குல டிரம், இன்றைய நெடுஞ்சாலையில் ஒருமுறை நன்றாக அழுத்தினாலே சூடேறிப் பிடிப்பை இழக்கும். 1973 முதல் 76 வரையிலான இதே வகைக் காரின் முன் டிஸ்க் பிரேக் அப்படியே ஏறும். ஸ்பிண்டிலோடு (சக்கரம் சுழலும் அச்சு) அதைத் தாங்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் சேர்த்து எடுக்க வேண்டும். சிக்கல் சக்கரத்தில் வரும். பழைய ஹப்பின் ஐந்து போல்ட் வட்டம் 4 அங்குலம், டிஸ்க் ஹப்பினுடையது 4.5 அங்குலம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் வேறு சக்கரம் என்று ஆகிவிடும், ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் பொருந்தாது. ஆகவே பின் ஆக்ஸிலையும் சேர்த்து மாற்றும் கணக்கோடுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும். ஆறு சிலிண்டரின் 7¼ அங்குல ஆக்ஸில் வி8 எஞ்சினைத் தாங்காது என்பதையும் அப்போதே நினைவில் வையுங்கள்.

1970 வரையிலான கார்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் தலைகீழ் மரை, வலது பக்கம் சுற்றினால்தான் கழலும். ஸ்டட்டின் முனையில் ‘எல்’ என்று பொறித்திருக்கும். பஞ்சர் கடையில் இதைச் சொல்லாவிட்டால், கழலவில்லையே என்று காற்றுத் துப்பாக்கியை இன்னும் அழுத்துவார்கள். ஸ்டட் முறிந்து, டிரம்மைக் கழற்றிப் புதிது அடிக்க வேண்டியிருக்கும்.